ஒரு வீட்டுக்கு ஒரே சைக்கிள் என்றால் எது? வன்னி ரோட்டுக்கு மூன்று வண்டிகள்

சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "ஆர் ஓடப்போறது?" என்பதுதான். வன்னிக்கு அந்தக் கேள்வி போதாது. இங்கே ஒரு வண்டி ஒரே ஆளிடம் நிற்பதில்லை. விடியப்புறம் வயலில் தண்ணீர் பார்க்கப் போய்வரும். ஏழரைக்கு முன் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும். எட்டரைக்குள் கந்தோருக்கோ தொழிற்சாலைக்கோ போய்ச் சேரும். பின்னேரம் சந்தைச் சாமானோடு வீடு திரும்பும். இடையில் வீட்டில் ஒரு சாவோ விபத்தோ வந்தால் அதே வண்டி அடுத்த நாளே இன்னொருவர் கைக்கு மாறும். ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே கேட்கவேண்டியது இதுதான்: இப்போது ஓடுகிறவரால் நாளைக்கு ஓட முடியாமல் போனால் அடுத்து ஆர் ஓடுவார், அவருக்கு இந்த வண்டி எட்டுமா?

அந்த அளவுகோலை வைத்தே மூன்று வகை வண்டிகளை இங்கே பார்க்கிறோம். குறுக்குப் பார் வைத்த 28 அங்குலக் கறுப்பு வண்டி ஒன்று. பார் இல்லாத 26 அங்குல லேடீஸ் வண்டி மற்றொன்று. மூன்றாவது, பெடியள் கேட்கிற கியர் வண்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் நிற்கப்போகிறது என்றால் 26 லேடீஸ். ஏற்கெனவே ஒரு 28 நிற்கிறது என்றால் அதை விற்கவேண்டாம். கியர் வண்டி மூன்றாவது வண்டியாக வரட்டும்.

28இல் இருந்து தொடங்குவோம். இந்த மண்ணோடு அதிகம் உழைத்தது அதுதான். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலம் முழுக்க வன்னியின் பாரவண்டி இதுதான். விறகு, நெல், நோயாளி எல்லாமே இதன் கரியரில் போயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டதும் அதே காலம். 2022 ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோல் நிறுத்தப்பட்டபோது கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த 28கள் எல்லாம் திரும்பவும் ரோட்டுக்கு வந்தன.

பலம் எங்கே இருக்கிறது என்றால் பின்சில்லில். முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி. 50 கிலோ யூரியாப் பையைக் கரியரில் வைத்துக் கிரவல் ரோட்டில் ஓடினாலும் ரிம் நெளியாமல் நிற்பது அந்த 40 கம்பியால்தான். ஆனால் கம்பி இறுக்கமாக இருந்தால் மட்டும். பாரம் கூடியதால்தான் கம்பி முறிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இளகிக் கிடந்த கம்பி. சில்லு ஒருமுறை சுற்றும்போது இளகிய கம்பி ஒருமுறை தளர்ந்து இறுகும். அப்படியே நாள்பட்டு, ஹப்பில் வளைந்து ஏறும் இடத்தில் களைத்து முறியும். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டைச் சேர்த்து விரலால் நெரித்துப் பாருங்கள். எல்லாச் சோடியும் ஒரே மாதிரி எதிர்க்கவேண்டும். ஒன்று முறிந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும். விட்டால் அதன் பாரம் அயல் கம்பிகளுக்குப் போய், அவையும் ஒவ்வொன்றாய்ப் போகும்.

புது வண்டியிலும் இதைப் பாருங்கள். கடையில் அவசரத்தில் பூட்டிக் கொடுக்கிற வண்டிகளில் கம்பி அரைகுறை இறுக்கத்தில்தான் இருக்கும். முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை நிப்பிள் இறுக்கி, சில்லு நேர் பார்த்து வாங்கவேண்டும். ஹப்பிலும் பெடல் அச்சு சுற்றுகிற அடிப்பெட்டியிலும் கிறீஸ் போதுமான அளவு இருக்கிறதா என்பதையும் அப்போதே திறந்து பார்த்துவிடலாம். பின் ஹப்புக்கு ஒரு பக்கம் கால் அங்குலப் போல்ஸ் (இரும்புக் குண்டு) 9. முன் ஹப்புக்கு ஒரு பக்கம் 3/16 அங்குலப் போல்ஸ் 10. அடிப்பெட்டியில் கூடு இல்லாத தனிப் போல்ஸ் போட்டால் ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலம் 11. பழசோடு புதுசைக் கலக்கக்கூடாது. ஒரு போல்ஸ் பொரிந்திருந்தால் அந்தப் பக்கத்து எல்லாவற்றையும் மாற்றுவதுதான் முறை.

28இன் நோய் கொட்டர் பின், பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிடிக்கிற ஆப்பு. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று கேட்டால் அதுதான். மெக்கானிக் நட்டை இறுக்கி அனுப்புவார், மூன்றாம் நாள் திரும்பவும் 'டக்'. நட் கொட்டர் பின்னை உள்ளே இழுக்காது. உள்ளே போன பின்னை வெளியே வராமல் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. பின்னை அடித்துத்தான் இருத்தவேண்டும். அடிக்கும்போது கிராங்குக்குக் கீழே ஓர் இரும்புக் குழாயோ கனமான கட்டையோ முண்டு கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அடி முழுவதும் அடிப்பெட்டிப் போல்ஸில் விழுந்து, போல்ஸ் ஓடுகிற கப்பில் குழி விழுத்தும். அடித்து, நட்டை இறுக்கி, ஒரு நாள் ஓடி, திரும்ப அடித்து, திரும்ப இறுக்கவேண்டும். இடது பக்கமும் வலது பக்கமும் பின் எதிர்த் திசையில் ஏறவேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது, மிதிப்பு நொண்டும். வாங்கும்போது 9 மில்லிமீற்றரா 9.5 மில்லிமீற்றரா என்று பழையதைக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். நினைவில் வைத்துக் கேட்டு வாங்கியது பொருந்துவது அருமை.

வீட்டில் பழைய ரலி (Raleigh) வண்டி இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். அதன் அடிப்பெட்டிக் கப்புக்கு ஒரு அங்குலத்துக்கு 26 புரி, மற்ற வண்டிகளுக்கு 24. 24 புரிக் கப்பை முறுக்கி ஏற்றினால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு பிறேமின் புரி அழியும். அழிந்தால் அந்தப் பிறேம் கழிவுக்குத்தான்.

28 வண்டியை மழைக்கு நம்பமுடியாது. இரும்பு றொட்டால் இழுபடும் பிறேக், குறோம் பூசிய ரிம்மின் உட்பக்கத்தில் போய் உரசுகிறது. காய்ந்த ரோட்டில் சரி. மாரியில் ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும், வண்டி பிடிபடாது. ஏ9இல் பின்னால் பஸ் வரும்போது இதை நினைவில் வைத்திருக்கவேண்டும். நிற்கவேண்டிய இடத்துக்கு இருபது முப்பது மீற்றர் முன்னரே பிறேக்கை மெதுவாகத் தொட்டுத் தொட்டு ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். வேறு வழி இல்லை.

முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் இன்னொரு கூத்து. ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரலளவு இடைவெளிதான். களி அதற்குள் ஏறி இறுகினால் சில்லு சுற்றாது. வண்டியைத் தோளில் போடத்தான் வேண்டும், அதுவும் இருபது கிலோவைச் சுற்றி நிறை. மாரி முடியும்வரை முன் மட்காட்டைக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடுப்பு பழுதாகும், வண்டி போகும்.

காற்றையும் சொல்லவேண்டும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் பரந்தனிலிருந்து பூநகரிப் பக்கம் போகிறவருக்கு ஏற்றமே இல்லாத ரோட்டிலும் ஏற்றம் ஓடுகிற வேலைதான். முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18 பல் உள்ள வண்டி பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் ஓடும். பிறீவீலை 22 பல்லாக்கினால் அது நாலரை மீற்றருக்குக் குறையும். வேகம் போய்விடும், ஆனால் முழங்கால் தப்பும். பாரம் ஏற்றுகிறவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் 22 நல்லது. 20 எல்லோருக்கும் பொது. மாற்றும்போது பின்சில்லு அரை அங்குலமளவு முன்னுக்கு வரவேண்டியிருக்கும். பின் அச்சு பூட்டுகிற காடியில் இடமில்லை என்றால் செயினில் ஓர் அங்குலம் சேர்க்கவேண்டும். செயின் நடுவில் மேலும் கீழும் அரை அங்குலம் ஆடலாம், கூடினால் கழரும். செயினின் வயதைப் பார்க்க அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவுக்கு 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது 12⅛ ஆகிவிட்டால் மாற்றுங்கள். அதற்கு மேல் ஓடினால் செயின் பற்களைத் தின்னும், பிறகு செயின், முன் பல்சில்லு, பிறீவீல் மூன்றையும் சேர்த்து வாங்கவேண்டும்.

இவ்வளவு உழைக்கிற வண்டியை ஏன் முதல் தெரிவாகச் சொல்லவில்லை? பாரால்தான். 22 அங்குலப் பிறேம் உள்ள வண்டியில் பார் நிலத்திலிருந்து 80 சென்ரிமீற்றரைத் தாண்டி நிற்கும். வீட்டு மனிசன் போனபிறகு அவரின் வண்டி தாவாரத்தில் சாத்தியபடி நிற்கிற வீடுகள் வன்னியில் எத்தனை என்று எவரும் எண்ணத் தேவையில்லை. அந்த வண்டியில் சேலையோடு ஏறமுடியாது. பதின்மூன்று வயது மகளுக்குச் சீற்றை அடிமட்டம் இறக்கினாலும் கால் எட்டாது. பையன் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகுவான், ஆனால் அரிசி மூட்டையோடு அப்படி ஓடமுடியாது. குடும்பத்துக்கு வண்டி மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் அது ஒருவருக்கும் உதவாமல் போகிறது.

சிலர் பாரை வெட்டிச் சரித்துக் கீழே வெல்டிங் பிடிக்கக் கொடுக்கிறார்கள். வேண்டாம். பாருக்கென்று அமைந்த பிறேமில் அந்தக் குழாய்தான் முன்னையும் பின்னையும் பிடிக்கிறது. கீழே ஒட்டிய வெல்டிங் பாரத்தில் விரியும், பெரும்பாலும் ஹாண்டில் தலைக்குக் கிட்ட. அந்தச் செலவோடு கொஞ்சம் போட்டால் பழைய லேடீஸ் பிறேம் ஒன்று வாங்கலாம்.

26 லேடீஸ் வண்டியில் பார் இல்லாததால் அம்மம்மா தொடக்கம் பேத்திவரை ஏறலாம். சீற் ஆறேழு அங்குலம் ஏறி இறங்கும். சீற்றை உயர்த்தினால் ஆம்பிளையும் வசதியாக ஓடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகள் ஊர் முழுக்கச் சைக்கிளில் திரிந்த மண் இது, லேடீஸ் சைக்கிளை ஆம்பிளை ஓடினால் சிரிக்க ஆருமில்லை. குறை இரண்டு. பின்சில்லுக்கு 36 கம்பிதான், 28 அளவு பாரம் தாங்காது. வண்டியோடு வருகிற கரியர் மெல்லிய கம்பி, கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுத் தடித்த இரும்புக் கரியர் பூட்டச் சொல்லுங்கள். கரியரின் கால் பின் அச்சு நட்டில்தான் பூட்டும். பாரம் ஏற்றுகிற கிழமைகளில் அந்த நட்டை ஸ்பானர் வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். மூட்டையை எப்போதும் சீற்றோடு ஒட்டி வையுங்கள். பின்னுக்குத் தள்ளி வைத்தால் முன்சில்லு எழும்பி ஹாண்டில் சொல்வழி கேளாது.

ரிம் வாங்கும்போது இரும்பா அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் மழையில் இரும்பைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளை ஏற்றுகிற வண்டிக்கு அலுமினியம்தான்.

பிள்ளை ஏற்றுவது பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. கரியரில் இருக்கிற பிள்ளை காலைச் சில்லுக்குள் விடுவதுதான் இங்கே சைக்கிளால் வருகிற மோசமான காயம். குதிக்காலின் தோலும் சதையும் கிழிபடும், சிலவேளை எலும்பும் வெடிக்கும். பின்சில்லின் இரு பக்கமும் வலை அல்லது பிளாஸ்ரிக் காப்பு, கால் வைக்க இரண்டு மிதிகட்டை. இது இல்லாமல் வண்டியைக் கடையால் வெளியே எடுக்கவேண்டாம். சேலைத் தலைப்புச் சிக்குவதையும் அதே காப்புத் தடுக்கும்.

கியர் வண்டி பற்றிச் சுருக்கமாக. கச்சானில் கியர் சுகம்தான், மறுப்பில்லை. ஆனால் ஒருமுறை வலப்பக்கம் விழுந்தால் பின் கியரைத் தாங்குகிற தகடு உள்ளே வளையும், பிறகு செயின் கம்பிக்குள் பாயும். முன் ஸ்பிரிங் நாலு மாரிக்குப் பிறகு வெறும் பாரம். சீற் தண்டில் கவ்வுகிற கரியரில் புத்தகப் பை வைக்கலாம், யூரியாப் பை வைக்கமுடியாது.

ரயர் வாங்கும்போது நடக்கிற பிழை இந்த மூன்று வண்டிகளுக்கும் இடையில்தான். லேடீஸ் வண்டியும் 26, கியர் வண்டியும் 26, ஆனால் ஒன்றின் ரயர் மற்றதற்கு ஏறாது. ரயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கிற மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 28 x 1½க்கு 635, லேடீஸ் 26 x 1⅜க்கு 590, கியர் வண்டிக்கு 559. மில்லிமீற்றரில் ரிம்மில் ரயர் இருக்கிற விட்டம் அது. அந்த இலக்கம் ஒத்தால் ஏறும். ஒவ்வாவிட்டால் கடைக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் ஏறாது. வண்டியை முடிவெடுக்குமுன் உங்கள் சந்திக் கடையில் எந்த ரயர் தொங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிறவர் ஒரு ரயருக்காகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு.

காத்துப் போகிற வண்டி எல்லாம் பஞ்சர் இல்லை. ரியூப் வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பர் குழாய் வெயிலில் உருகி ஒட்டும், இரவில் அடித்த காற்று விடிய இராது. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ரப்பரை மாற்ற இரண்டு நிமிடம் போதும். இரண்டு மூன்று துண்டு சீற்றுக்குக் கீழே பையில் கிடக்கட்டும். உண்மையான ஒட்டு என்றால், சொலூசன் பூசி ஐந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் ஒட்டவேண்டும். ஈரத்தோடு ஒட்டியது மத்தியானத் தார் ரோட்டுச் சூட்டில் கிளம்பிவிடும். ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். குத்திய நெருஞ்சி முள் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் போட்டால் அதே இடத்தில் திரும்பவும் ஓட்டை.

இனி, எதிர்பாராதது நடந்த வீட்டு வண்டி. சாவு வீட்டில் அந்தியேட்டிச் சடங்குவரைக்கும், சில வீடுகளில் அதற்கும் மேலே, வண்டியை ஒருவரும் தொடுவதில்லை. அது அவர்கள் மனம். ஆனால் காற்றில்லாமல் நிற்கிற ரயரின் பக்கவாட்டு மடிந்து வெடிக்கும், செயின் சிவப்பாகும். அயலவர் ஒருவர் செய்யக்கூடிய உதவி இது: காற்றடித்து, செயினுக்கு இரண்டு துளி எண்ணெய் விட்டு, மழை படாத இடத்தில் வைத்துவிட்டுப் போவது. பிறகு புதிதாக ஓடப்போகிறவருக்கு அளவெடுக்கவேண்டும். சீற்றில் இருந்தபடி குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக வேண்டும். அதுதான் சரியான உயரம். பழகாதவர் என்றால் முதல் மாதம் இரண்டு பாதமும் நிலத்தில் படுகிற அளவுக்கு இறக்கி விடுங்கள், பயம் போனதும் உயர்த்தலாம்.

ஒரு காலை இழந்தவருக்கும் சைக்கிள் ஓடும், வன்னியில் இது புதுக்கதை இல்லை. முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால் போட்டவருக்குப் பிரச்சினை இரண்டு. பாதம் பெடலில் இருக்கிறதா வழுக்குகிறதா என்று உணரமுடியாது. ஆகவே அந்தப் பெடலின் முன்புறத்தில் கால் முன்னுக்குப் போகாமல் ஒரு தடுப்பும் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன விளிம்பும் தகட்டில் செய்து பூட்டவேண்டும். வார் போட்டுக் கட்டக்கூடாது, விழும்போது கால் கழராது. அடுத்தது, முழங்கால் முழுதாக மடியாது. அந்தப் பக்கத்துக்குச் சின்னப்பிள்ளைச் சைக்கிளின் குட்டைக் கிராங் போட்டால் மேலே மடிய வேண்டிய அளவு குறையும். அச்சின் தடிப்பும் கொட்டர் பின் அளவும் ஒத்துவருகிறதா என்று கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். சீற் உயரத்தை நல்ல காலுக்கு அல்ல, பொய்க்காலுக்கு அளவெடுக்கவேண்டும். ஏறுவதும் இறங்குவதும் நல்ல கால் நிலத்தில் படுகிற பக்கமாக. இதற்கும் பார் இல்லாத வண்டிதான் வசதி.

வெள்ளம் புகுந்த வண்டி வெளியில் காய்ந்ததும் ஓடும்போல் தெரியும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறபட்டபோது தண்ணீருக்குள் நின்ற சைக்கிள்களைக் கழுவி அப்படியே ஓடியவர்களுக்குச் சிறுபோகத்துக்குள் கப்பும் கோனும் போயிருந்தால் ஆச்சரியமில்லை. சீற் தண்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பிறேம் குழாய்க்குள் இறங்கி அடிப்பெட்டியில் தேங்கிய தண்ணீர் அப்போதுதான் வரும். இரண்டு ஹப், அடிப்பெட்டி, ஹாண்டில் தலை நாலையும் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் வைத்துப் பூட்டவேண்டும். பெடல் கழற்றும்போது இடது பெடல் எதிர்ப்புரி என்பதை மறந்து கிராங்கை அழிக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போர் முடிந்த காலத்தில் குவியலிலிருந்து எடுத்துப் பெயின்ற் அடித்த பிறேம்கள் இன்னும் கைமாறுகின்றன. நெருப்புக் கண்ட பிறேம் என்றால் தொடவேண்டாம், குழாய்களைப் பொருத்துகிற மூட்டுகளில் ஒட்டு பலமிழந்திருக்கும். மூட்டைச் சுற்றி மயிரிழை போல வெடிப்பு, பெயின்ற்றுக்குக் கீழே பொருக்கு, நேராகப் பார்த்தால் இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நில்லாமை, இதில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

வாங்கிய அன்றைக்கே அடிப்பெட்டிக்குக் கீழேயோ சீற் தண்டுக்குக் கீழேயோ அடித்திருக்கிற பிறேம் இலக்கத்தைத் தேடுங்கள். அழுக்கு மூடியிருந்தால் ஒரு துளி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சாக்கட்டித் தூளைத் தேய்த்தால் இலக்கம் வெள்ளையாய் எழும்பும். வண்டி களவுபோனால் பொலிசில் முதலில் கேட்பது அதைத்தான். ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ரசீது வெள்ளத்தில் போகலாம் என்பதால் படம் எடுத்து இன்னொருவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள், வண்டியை ஓடாத ஒருவரின் போனுக்கு.